டை இல்லாத பள்ளிக்கூடம்

மகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகக் கதவைத் திறந்தால், எதிர் ஃப்ளாட் வாசலில் ஷூ பாலிஷ் வாசனை. மூக்கில் ஏறியதுமே நான் கள்ளிக்குப்பத்தில், ஆறாம் வகுப்பில் இருந்தேன். பக்கத்து வீட்டு கஸ்தூரி அக்கா தன் மகளின் ஷூவைத் தேய்த்துக்கொண்டே என் ரப்பர் செருப்பைப் பார்த்து, "கவர்மெண்ட் ஸ்கூல்ல ஒரு டை கூட கெடையாது. இன்னாத்த படிக்கிறியோ!" என்பார்.

ஒரு சாயங்காலம் அவரே மகளின் டைரியோடு வந்தார். "மிஸ்ஸு இங்கிலீஷ்ல இன்னாவோ எழுதிக்கீறாங்க. இவளுக்கே புரியலியாம். படிச்சி சொல்லு கண்ணு."

படித்தேன். ஷூ பளபளப்பாக இல்லையாம். அவ்வளவுதான்.

"பொண்ண கவர்மெண்ட் ஸ்கூல்லயா போட்டிருக்கீங்க?" இப்போது எதிர் ஃப்ளாட் அம்மா பிரஷ்ஷோடு நிமிர்ந்தார். பார்வை என் மகளின் செருப்புக்கு இறங்கியது. எனக்கு அதே கள்ளிக்குப்பத்துக் கோபம் வந்தது.

"கால ஏன் பாக்குறீங்க? எதாவது படிக்கக் குடுத்துப் பாருங்க" என்றேன்.