தபசு மரமும் மாமாவின் தட்டியும்

வெள்ளைக்காரன் காலத்தில், நகரியில் எங்கள் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு முதன்முதலாக டிக்கெட் போட்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. சித்தூரில் டிக்கெட் வைத்து நாடகம் நடத்துவதைப் பார்த்துவிட்டு வந்தவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. திடலைச் சுற்றி ஓலைத்தட்டி கட்டினார், பெஞ்சு போட்டார். பேராசைக்காரன் என்றது ஊர். ஆனால் அதுவரை கேழ்வரகையே கூலியாக வாங்கிப்போன கூத்தாடிகளுக்கு அந்த வருஷம்தான் கையில் காசும் புது உடுப்பும் கிடைத்தன. அதையும் சொல்ல வேண்டும்.

வில்லங்கம் அர்ச்சுனன் தபசன்று வந்தது. தபசு பகலில் நடக்கும். திடல் நடுவில் நட்ட உயரமான மரத்தில் அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறி, உச்சியில் பூஜை செய்து, எலுமிச்சம்பழங்களை வீசுவார். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் குளித்த ஈரப் புடவையோடு மரத்தடியில் முந்தானை ஏந்தி உட்காருவார்கள். பழம் விழுந்த மடியில் பிள்ளை விளையாடும் என்பது நம்பிக்கை. மாமா அதற்கும் டிக்கெட் என்றுவிட்டார். வாங்க முடியாத நெசவுக்காரப் பெண்கள் தட்டிக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்தார்கள்.

மாமாவின் மனைவி, என் அத்தை, கல்யாணமாகி வெகுகாலமாகியும் குழந்தை இல்லாதவள். அவளுக்கு மரத்தடியிலேயே மாமா இடம் பிடித்து வைத்திருந்தார். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே வெளியே இருந்த பெண்களோடு போய் உட்கார்ந்தாள்.

"உள்ள போலாம் அத்த, நமக்குத்தான் டிக்கெட்டே வாணாமே" என்று நச்சரித்தேன்.

"காசுக்கு வாங்கற பழம்னா சந்தையிலயே வாங்கிக்கினு வந்திருப்பேன் கண்ணு. நீ சும்மா குந்து."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தைக்குப் பிறக்கப்போகும் பாப்பாவை இடுப்பில் தூக்கித் திரிய நான் அவ்வளவு ஆசைப்பட்டிருந்தேன்.

உச்சிக்குப் போன அர்ச்சுனன், பூஜை முடிந்தும் வீசாமல் நின்றார்.

"இன்னாத்துக்கு நின்னுக்கினு கீற? போடு!" என்று மாமா கீழிருந்து கத்தினார்.

"உங்க ஊட்டம்மா தட்டிக்கு அந்தாண்ட குந்திக்கினு கீறாங்க மொதலாளி. அம்மாந்தூரம் என் கை எட்டாது" என்று மேலிருந்து பதில் வந்தது.

மாமா தட்டி இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். பிறகு கயிற்று முடிச்சுகளைக் கையாலும் பல்லாலும் அவிழ்க்க ஆரம்பித்தார். தட்டி சாய்ந்தது. அத்தையும் மற்றப் பெண்களும் மரத்தடிக்கு ஓடினார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் கூச்சல் போட்டு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அடுத்த வருஷத்திலிருந்து ராக்கூத்துக்கு மட்டும் டிக்கெட், தபசு எல்லோருக்கும் என்று ஆனது.

அன்று பழங்கள் விழத் தொடங்கியபோது, அத்தனை ஏச்சுக்கும் நடுவில் மாமா தோள் துண்டை இரண்டு கையாலும் விரித்து ஏந்திக்கொண்டு அண்ணாந்து நின்றார். பழத்தைப் பிடித்து விற்கப் பார்க்கிறார் என்று நினைத்து, எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தைக்குப் பிள்ளையில்லை என்று ஊரே பேசிக் கேட்டிருக்கிறேன். மாமாவுக்கும் இல்லை என்று யாரும் சொன்னதில்லை.