அத்தை சொன்ன பாதி சாட்சி

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது சித்தூரில், எங்கள் சர்ச்சுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தோம். நான் தொடக்கப்பள்ளி டீச்சர். ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலித்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன். வலிக்கவில்லையா, அதனால் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டேன்.

அப்புறம் வீட்டுக்காரரிடம் சொல்லி, இரண்டு பேருமாகத் திருப்பதிக்குப் போனோம். அங்கே அப்போதுதான் ஸ்கேன் மெஷின் வந்திருந்தது. டாக்டரம்மா தெலுங்குக்காரர். சில்லென்று எதையோ தடவி, ரொம்ப நேரம் திரையையே பார்த்தார். பிறகு, "பயப்படகண்டி அம்மா" என்று ஆரம்பித்தார். பயப்படாதீர்கள் என்று ஆரம்பித்தால் யாருக்குத்தான் பயம் வராது? பார்த்தால் சாதாரணக் கட்டி போலத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் ஓரம் சரியாகத் தெரியவில்லை, கெட்டது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். அப்போதும் சந்தேகமாக இருந்தால் ஊசி வைத்துக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டுமாம்.

கெட்ட செய்தி என்றால் அழுது தீர்க்கலாம். நல்ல செய்தி என்றால் ஓட்டலில் பூரி சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாக பஸ் ஏறலாம். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வீட்டு வாசலில் அத்தை, என் வீட்டுக்காரரின் அம்மா, காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ரத்தக்கொதிப்பு. அதற்குப் பயந்துகொண்டு என் வீட்டுக்காரர், "பயப்பட ஒண்ணும் இல்லியாம்மா" என்று முடித்துவிட்டார். மூன்று மாதக் கதையை முழுங்கிவிட்டார். எனக்கும் வாயைத் திறக்கத் தெம்பில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கர்த்தர் தங்களுக்குச் செய்த நன்மையை எழுந்து சாட்சியாகச் சொல்லும் நேரம் வந்தது. அத்தை விருட்டென்று எழுந்தார். "எம் மருமவளுக்கு வந்த கட்டிய கர்த்தர் இல்லாம பண்ணிட்டாரு, ஸ்தோத்திரம்!" என்றார். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. அட கடவுளே, கட்டி அப்படியே என் ரவிக்கைக்குள் உட்கார்ந்திருக்கிறது! காணிக்கையாக ஒரு கோழி வேறு கொண்டுவந்திருந்தார். ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல அதை ஏலம் விட்டார்கள். எல்லாரும் வந்து என் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். நான் அசடு வழிந்துகொண்டு நின்றேன்.

அதன் பிறகுதான் வேதனை. தினமும் தொட்டுப் பார்ப்பேன். ஒரு நாள் பெருத்த மாதிரி இருக்கும், மறுநாள் சிறுத்த மாதிரி இருக்கும். சாட்சி சொன்ன பிறகு மறுபடி ஸ்கேனுக்குப் போனால், விசுவாசம் இல்லாதவள் என்று ஊர் பேசும். அத்தை சபையில் எப்படித் தலைகாட்டுவார்? போகவே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

டாக்டரம்மா சொன்ன தவணையும் வந்தது. அன்று என் சின்ன மகள் ஓடிவந்து நெஞ்சில் சாய்ந்தாள். அந்தப் பக்கம் பட்டுவிடாமல் அவளை நகர்த்தினேன். குழந்தை ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தது. எனக்குப் பொறுக்கவில்லை. நேராக அத்தையிடம் போனேன். முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"அத்த, கட்டி அப்டியேதான் இருக்குது. மறுபடி வந்து பாக்கச் சொன்னாங்க."

அத்தையின் கை நின்றது. "அப்ப சபைக்கு முன்னாடி நான் சொன்னது பொய்யா?"

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அத்தை முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அவன் வரட்டும், வெச்சிக்கிறேன்" என்று வீட்டில் இல்லாத மகனைத் திட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "இத்தினி நாளா இத்த நீ ஒண்டியா சொமந்துகினு திரிஞ்சியா? ஏம்மா, நான் இன்னா செத்தா போயிட்டேன்?"

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் அத்தை மறுபடி எழுந்தார்.

"போன தபா அவசரப்பட்டுட்டேன். அது பாதி சாட்சிதான். கட்டி இன்னும் இருக்குது. அது இன்னான்னு எங்களுக்குத் தெரியல. நாளிக்கு மருமவள இட்டுக்கினு திருப்பதி போறேன், ஜெபம் பண்ணுங்க. மீதிய வந்து சொல்றேன். அந்தக் கோழிய மட்டும் திருப்பிக் கேக்க மாட்டேன்."

போதகர் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் பாடகர் குழுவில் பாடும் ஒரு அக்கா சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் என்னை ஓரமாக அழைத்துப்போனார். "எனக்கும் ஒண்ணு இருக்குது. வெக்கப்பட்டுக்கினு யாருகிட்டயும் சொல்லல. நானும் உங்ககூட வரட்டா?" என்றார்.

திங்கட்கிழமை மூன்று பேருமாக பஸ் ஏறினோம். பஸ் முழுக்க மலைக்குப் போகிறவர்கள், ஒரே கோவிந்தா முழக்கம். அதற்கு நடுவில் அத்தை கண்ணை மூடி பைபிளிலிருந்து ஒரு சங்கீதத்தை முணுமுணுத்தார். ஒரு கை என் மடியில், இன்னொரு கை அந்த அக்காவின் மடியில்.

இரண்டு பேருக்குமே ஊசி வைத்துச் சோதித்தார்கள். என்னுடையது தொல்லை தராத கட்டி, ஆனாலும் வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். அந்த அக்காவுக்கு ஆபரேஷன் தேவைப்பட்டது. நல்லவேளை, சீக்கிரம் வந்தீர்கள் என்றார் டாக்டரம்மா. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அந்த அக்கா பழையபடி தன் இடத்தில் நின்று பாடினார். அன்றைக்கு அத்தை மீதிச் சாட்சியைச் சொன்னார். இந்த முறை கொண்டுவந்தது இரண்டு கோழி.

அத்தை போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் ஒவ்வொரு வருஷமும் ஸ்கேனுக்குப் போய் முடிவுக்காக பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, தெரியாததைத் தெரியவில்லை என்று அத்தனை பேர் முன்னால் எழுந்து சொன்ன அந்த மனுஷியின் கை, பஸ்ஸில் இருந்த மாதிரியே, என் மடியில் இருக்கிறது.