வெந்நீர் ஊற்றிய விதைகள்

திருவனந்தபுரத்து விதை ஆய்வகத்தில் அன்று நானும் உதவியாளர் ஷீபா சேச்சியும் இருந்தோம். ஆய்வகத்தை நடத்தும் சார் ஊரில் இல்லை. பாலைவனத்தில் அருகிவரும் ஒரு வேல மரத்தின் விதைகள், நெற்றோடு வந்திருந்தன. பொட்டலத்தைப் பிரித்ததும் கருப்பட்டியும் ஆட்டு மூத்திரமும் கலந்தாற்போல் ஒரு வாசனை.

மனம் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஆட்டுத் தொழுவுக்கே போய்விட்டது. ஆடுகள் வேலமரத்துக்கு இனமான உடைமரத்தின் நெற்றைத் தின்று விதைகளைப் புழுக்கையோடு போடும். அம்மா அதைக் கூட்டிக் குவித்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவாள். ஆவியில் அவள் முகம் மறைந்துவிடும். மழை பெய்தால் குவியலைச் சுற்றிக் கன்றுகள் நிற்கும்.

"கொதிக்க வைத்தால் முளைக்கும் சேச்சி. அம்மா செய்து பார்த்திருக்கேன்."

"சார் பிளேடு வச்சு விதைத் தோலைக் கீறத்தானே பறஞ்சது?"

"கீறினால் உள்ளே முளையும் வெட்டுப்படும்."

"எங்கில் பாதி விதையைத் தனியா மாற்றி வை, தம்பி."

நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன்.

ஒரு வாரத்தில் விதைகள் கொழகொழத்து நாறின. அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஏலே, முளைக்கக் கூடாதுன்னுல்லா ஊத்துனேன். தொழு முச்சூடும் முள்ளாயிரும்லா."

"அப்போ கன்றுகள் நின்னுச்சே?"

"அது வெந்நி படாம ஓரத்துல கெடந்தது. படிச்ச பிள்ள, இதுகூடவா தெரியாது?"

கண்ணால் கண்டதுதான். ஆனால் ஓரத்தில் நின்ற கன்றுகளை மட்டும் கண்டேன், வெந்துபோன குவியலைக் காணவில்லை. சார் வந்து எத்தனை மிச்சம் என்று கேட்டார். வந்தவை நாற்பது, நாற்பதும் போயின.