சிவப்புப் புள்ளி போன இடம்

அன்று ஹாலில் இருந்தது டீ கொண்டு வரும் அக்கா, லோடு ஆட்டோ ஓட்டும் அண்ணாத்தே, வாட்ச்மேன் நான், அப்புறம் ஆள் கண் எங்கே பார்க்கிறது என்று காட்டும் மெஷினைச் சோதிக்க வந்த பொண்ணு. இடம் அம்பத்தூர் எஸ்டேட். சுவர் முழுக்கப் பெரிய பெரிய ஸ்க்ரீன்கள், எல்லாவற்றிலும் விளம்பரம்.

அவள் ஒல்லி. கழுத்தில் தொங்கும் ஐடி கார்டின் கயிற்றை எப்போதும் கடித்துக்கொண்டே இருப்பாள். கேமரா வைத்த கண்ணாடி ஒன்றை நமக்கு மாட்டிவிடுவாள். நாம் இஷ்டப்படி நடக்கலாம். நம் கண் போகும் இடமெல்லாம் அவள் லேப்டாப்பில் ஓடும் வீடியோவில் ஒரு சிவப்புப் புள்ளி போகும். நடக்கிற ஆளிடம் அது சரியாகக் காட்டாவிட்டால் அன்றோடு அந்த வேலையையே கம்பெனியில் மூடிவிடுவார்களாம்.

அண்ணாத்தே நடந்தார். புள்ளி ஸ்க்ரீனிலேயே இருந்தது. நான் நடந்தேன். புள்ளி ஸ்க்ரீனை விட்டு ஓடி ஓடிப் போனது.

"போச்சு. மெஷின் தப்பா காட்டுது," என்றாள். கயிற்றை இன்னும் அழுத்திக் கடித்தாள்.

"யோவ், ஒழுங்கா வெளம்பரத்தப் பாருய்யா," என்றார் அண்ணாத்தே.

டீ அக்கா எட்டிப் பார்த்தாள். "மெஷின் கரீட்டாத்தான் கீது பாப்பா. இந்தாளு டீ குடிக்கறப்பக்கூட கதவத்தான் பாத்துகினு இருப்பாரு."

அவள் வீடியோவை நிறுத்தினாள். புள்ளி கதவின் தாழ்ப்பாள் மேல் அசையாமல் நின்றது.

"அண்ணா, இதையா பாத்தீங்க?"

"தாழ் போடாம கீதும்மா."

கயிறு வாயிலிருந்து விழுந்தது. குதித்தாள். டீ அக்காவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். வீடியோவை முதலிலிருந்து ஓட்டி, புள்ளி கதவைத் தொடும்போதெல்லாம் சத்தமாக எண்ணினாள். நாங்களும் சேர்ந்து கத்தினோம்.

அவளை அப்புறம் பார்க்கவில்லை. அவள் எண்ணி முடித்த எண் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

முப்பத்தொன்பது.