ஜானட் மாட்டிய வெள்ளை விளக்கு

திருவொற்றியூரில் எல்.இ.டி. விளக்குப் பட்டறையில் வேலை செய்கிறவள் ஜானட். அவள் கணவன் சாவியோ காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போனவன், மூன்று வருஷமாகத் திரும்பவில்லை. அவன் வாசலில் மாட்டிய மஞ்சள் குண்டு பல்பு போன வாரம் பியூஸ் போய்விட்டது. எல்.இ.டி. சிப்பும் அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவரும் அலுமினியத் தகடும் வாங்கி, தானே சால்டர் வைத்துப் புது விளக்கு செய்தாள். பொழுது சாய்ந்ததும் சுவிட்சைப் போட்டாள். பால்வெள்ளை வெளிச்சத்தில் சந்தே பளிச்சென்றது. பெருமையாக இருந்தது.

மறுநாள், போன மாதம்தான் எதிர்வீட்டுக்குக் குடிவந்த ஜெரினா சொன்னாள்.

"அக்கா, நேத்து நீ கடைக்குப் போனப்ப ஒரு ஆளு வந்து உன் லைட்டையே பாத்துகினு நின்னாரு. 'இது நம்ம வூடு இல்ல போல'ன்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு. சட்டையெல்லாம் ஒரே ஈரம்."

"நேத்து மழையே இல்லியே?"

"அதாங்க்கா எனக்கும் பேஜாரா கீது."

ஜெரினா சாவியோவைப் பார்த்ததே இல்லை. ஜானட் ஸ்டூல் போட்டு ஏறி விளக்கைக் கழற்றினாள். அன்றைக்கே வெள்ளை சிப்புகளைப் பெயர்த்துவிட்டு மஞ்சள் சிப்புகளைப் பற்றவைத்தாள். விரல் சுட்டதுகூடத் தெரியவில்லை. விளக்கைப் போட்டு, கதவை விரியத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள்.

யாரும் வரவில்லை. ஆனாலும் மறுநாள் மாதா கோயிலுக்குப் போய், சாவியோவின் ஆன்மாவுக்காகச் சொல்லிவைத்திருந்த பூசையை வேண்டாமென்று நிறுத்திவிட்டு வந்தாள்.