வைஃபை லிஸ்டில் ஜெபா அப்பா

ஏனுங்க, ஊரே வைஃபையில ஓடுது, நீங்க மட்டும் லேப்டாப்புல வயரைக் குத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்களேன்னு கேட்டீங்க இல்ல, அதுக்குப் பதில் சொல்லணும்னா முழுசாத்தான் சொல்லணுமுங்க. பாதியில சிரிச்சா நிறுத்திருவேன். சிரிக்கிறது தப்புன்னு சொல்லல, வேற ஆராவது சொல்லியிருந்தா நானே சிரிச்சிருப்பேன். அமாவாசைக்கு அமாவாசை கம்பெனி வாசல்ல பூசணிக்காய் உடைப்பாங்கல்ல, அப்ப எனக்கு வர்ற ஒரே கவலை எவனாவது வண்டியில வந்து வழுக்கி விழுவானேங்கிறதுதான். எங்க ஊட்டுக்காரரு முருகனுக்கு விரதம் இருந்து செருப்பில்லாம நடப்பாரு, நான் அவருக்குப் பின்னாலயே செருப்பு போட்டுக்கிட்டுப் போவேன். செத்தவங்க வர்றாங்க, கூப்பிடறாங்கங்கிறதெல்லாம் வேலைவெட்டி இல்லாதவங்க பேச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்த ஆளு நானு. இப்பவும் பேயின்னு சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்றேன், அதுக்குப் பேரு நீங்களே வச்சுக்கோங்க.

அப்ப நான் நெருப்பெரிச்சல்ங்கிற ஊருல ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுல இருந்து ஆர்டர் குடுக்கற பையருக்கு மெயில் போடறது, சாம்பிள் போட்டோ ஏத்தறது, அவங்க கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்றது, பூராவும் என் லேப்டாப்புலதான். கீழ தையல் ஹாலு, மாடியில ஆபீசு, பின்னால கம்ப்ரசர் ரூமு, அதையும் தாண்டுனா ஒரு காலி எடம். முன்னொரு காலத்துல அங்க துணி வெளுத்திருக்காங்க போல, அதுக்குன்னு தரைக்கடியில கட்டுன தண்ணித்தொட்டி ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு ஆள் ஆழத்துக்கு மேல இருக்கும். வருசக்கணக்கா காஞ்சு கெடந்துச்சு, வாயில ஒரு தகரத்தைப் போட்டு மூடி வச்சிருந்தாங்க.

அங்க மெக்கானிக்கா இருந்தவர் ஸ்டீபன். தூத்துக்குடிப் பக்கம். மெசினு, மோட்டாரு, கரண்டு, எல்லாத்துக்கும் அவர்தான். அதிகம் பேச மாட்டாரு. ரோடு தோண்டறேன்னு அடிக்கடி நெட்டு வயரை அறுத்துப் போட்டிருவாங்க, அந்த நேரத்துல நான் படியில எறங்கி வந்து "ஸ்டீபன், கொஞ்சம் நெட்டு குடுங்க"ன்னு கேட்டா, ஒரு வார்த்தை பேசாம போன்ல ஹாட்ஸ்பாட்டைப் போட்டு விட்டுட்டு வேலையைப் பாக்கப் போயிருவாரு. லிஸ்ட்ல 'ஜெபா அப்பா'ன்னு வரும். ஜெபா அவர் மக, ஒண்ணாவதோ ரெண்டாவதோ படிச்சுக்கிட்டிருந்துச்சு. தானா கனெக்ட் ஆகட்டும்னு நானும் டிக் அடிச்சு வச்சிருந்தேன், ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சு.

ஒரு திங்கக்கிழமை ஸ்டீபன் வேலைக்கு வரல. இங்க அதை ஆரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும். ஒருத்தன் வரலேன்னா பக்கத்துக் கம்பெனியில ரேட்டு சேத்திக் குடுக்கறாங்கன்னு அர்த்தம். சொல்லிட்டு நிக்கற பழக்கமெல்லாம் இங்க கெடையாதுங்க. சூப்பர்வைசர் ஒரு தடவை போன் போட்டுப் பார்த்தாரு, சுவிட்ச் ஆஃபு. "சிம்மு மாத்தியிருப்பான் மேடம், ஆளு நின்னுட்டான்"னாரு. அவ்வளவுதான், வேற மெக்கானிக் தேட ஆரம்பிச்சாச்சு.

அன்னைக்கே காலையில பதினொன்றரை இருக்கும், வாட்ச்மேன் கூப்பிட்டாருன்னு கீழ எறங்கிப் போனேன். வாசல் கேட்டுக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு, கையில கொழந்தையைப் புடிச்சுக்கிட்டு நிக்குது.

"எக்கா, நான் ஸ்டீபன் வீட்டுக்காரி, ரோஸ்லின். அவுக சனிக்கெழம காலைல வேலைக்கி வந்தவுக, இன்னும் வீடு வரலக்கா. ஆர்டர் நெருக்கடியா இருக்கும், உள்ளயே படுத்துக்கிட்டாகன்னு நெனச்சேன். இங்கன தான இருக்காக?"

அன்னைக்குப் பையருக்கு அனுப்ப வேண்டிய போட்டோ பாதி நிக்குது, என் கவனம் பூராவும் மாடியிலதான். "இல்லீங்க, இன்னைக்கு அவர் வரல. வேற கம்பெனிக்குப் போயிருப்பாருங்க"ன்னேன்.

"என்கிட்ட சொல்லாம எங்கயும் போக மாட்டாகக்கா. அவுக போனு வந்து..."

"போன் சுவிட்ச் ஆஃப்னுதான் வருது, நாங்களும் போட்டுப் பார்த்தாச்சு. ரெண்டு நாள் பாருங்க, வந்துருவாரு."

அந்தப் பொண்ணு சொல்ல வந்ததை நானே முடிச்சு அனுப்பி வச்சேன். வாட்ச்மேன் வேற, அது போனதும், "ஆளு வேற எங்கயோ குடும்பம் வச்சிருப்பானுங்க"ன்னு சிரிச்சாரு. நான் சிரிக்கல. ஆனா அப்படியெல்லாம் பேசாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லவும் இல்லீங்க. அந்த நெனப்பு இன்னும் என்னை அறுக்குது.

மாடிக்கு வந்தா லேப்டாப் கம்பெனி வைஃபையை விட்டுட்டு வேற ஒண்ணுல நிக்குது. என்னன்னு பார்த்தா 'ஜெபா அப்பா'. ஒரே ஒரு கோடு, நெட்டும் வரல. நான் என்ன நெனச்சேன் தெரியுங்களா? ஓகோ, ஆளு பக்கத்துச் செவுத்துக்கு அந்தாண்ட இருக்கற கம்பெனியிலதான் சேந்திருக்காரு, ஹாட்ஸ்பாட்டை அணைக்க மறந்துட்டாரு, நான் சொன்னது சரியாத்தான் போச்சுன்னு நெனச்சேன். ஊட்டுல பொண்டாட்டி அழுகறா, இந்த மனுசன் இங்க கூப்புடு தூரத்துல இருக்கறாருன்னு எரிச்சலா வந்துச்சு. துண்டிச்சுட்டு நம்ம வைஃபையைப் போட்டேன். கொஞ்ச நேரத்துல மறுபடியும் அதுக்கே போயிருச்சு. மறுபடியும் துண்டிச்சேன். மூணாந்தடவை துண்டிச்சுட்டு, இந்த நெட்வொர்க்கை மறந்துருன்னு ஒண்ணு இருக்குமில்லீங்க, அதையும் அழுத்தி விட்டுட்டேன். அதுக்கப்பறம் தொந்தரவு இல்ல, போட்டோ எல்லாம் நல்லாப் போச்சு.

மறுநாள் செவ்வாக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு வந்து உக்காந்தா வைஃபை சுத்தமா இல்ல. நல்ல வெயிலு, கீழ மெசின் ஓடுது, சத்தத்துக்குக் கொறைவில்ல, அதையும் சொல்லிடறேன். நெட்டு பாக்கற குமாருன்னு ஒருத்தர், எங்களுக்கு ரொம்ப நாள் பழக்கம், அவருக்குப் போன் போட்டேன். அவர் பல்லடத்துல ஒரு வேலையில இருந்தாரு. போன்லயே ஒவ்வொண்ணாச் சொன்னாரு. "மேடம், ஏரோப்ளேன் மோடு ஆன்ல இருக்குதாங்க?" இல்லீங்க. "வைஃபை பட்டன் போட்டிருக்குதுங்களா?" போட்டிருக்குது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னாரு, பண்ணுனேன். அடாப்டரை டிசேபிள் பண்ணி எனேபிள் பண்ணச் சொன்னாரு, அதும் ஆச்சு. லேப்டாப்பை அணைச்சுப் போட்டேன்.

"இப்ப லிஸ்ட்ல என்னென்ன பேரு வருதுங்க மேடம்?"

சாதாரணமா எங்க லிஸ்ட்டைத் தொறந்தா இருவது பேரு வரும், சுத்தியும் கம்பெனிதானே. அன்னைக்கு ஒரே ஒரு பேருங்க. 'ஜெபா அப்பா'. பூட்டுப் படம் கூட இல்ல, பாஸ்வேர்டே வேண்டாம்னு தொறந்து கெடக்குது.

"அதையாவது புடிங்க மேடம். சிக்னல் கம்மின்னா லேப்டாப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடந்து பாருங்க, எங்க கோடு கூடுதோ அங்க நின்னு வேலையை முடிச்சுக்கோங்க"ன்னு குமாரு போனை வச்சுட்டாரு.

தட்டுனேன், கனெக்ட் ஆயிருச்சு. மூணு மணிக்குள்ள பையருக்குப் பதில் போயாகணும். லேப்டாப்பை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு நடக்கறேன். செவுத்துக்கு அந்தாண்டதானே இருப்பாருன்னு சன்னலோரம் போனா, இருந்த ஒரு கோடும் போச்சு. திரும்பிப் படிக்கு வந்தா வருது. படி எறங்கறேன், ரெண்டு கோடு. தையல் ஹாலு வழியா நடக்கறேன், பொண்ணுங்கெல்லாம் மெசினை நிறுத்தாமயே நிமிந்து பாக்கறாங்க. கம்ப்ரசர் ரூமைத் தாண்டறேன், மூணு. காலி எடத்துக்கு வந்து சேந்தேன், முழுசும் நெறைஞ்சிருச்சு.

அங்க ஆரும் இல்லீங்க. கட்டிங் வேஸ்ட்டு மூட்டைதான் ஆள் ஒசரத்துக்கு அடுக்கியிருக்கு. பனியன் துணி வெட்டுனது போக மீதி விழுகற துண்டு இருக்கும்ல, அதை மூட்டை கட்டி லாரி வர்ற வரைக்கும் எங்க எடம் கெடைக்குதோ அங்க அடுக்கிருவாங்க. ஆளு இதுக்குப் பின்னால குடிச்சுட்டுப் படுத்திருக்காருன்னு எனக்கு ஒரே கோவம். "ஸ்டீபன், வெளிய வாங்க! உங்க ஊட்டுல அங்க தேடிக்கிட்டிருக்காங்க!"ன்னு கத்துனேன். சத்தமே இல்ல. சுத்தி வந்து பார்த்தேன், பின்னால வெறும் செவுரு. அப்பத்தான் வாடை அடிச்சுது. எலி செத்திருக்கும்னு நெனச்சேன். எலி வாடை எனக்குத் தெரியும், இது அது இல்லேன்னும் தெரிஞ்சுது. கையில இருந்த லேப்டாப்பைக் கீழ வைக்கக் கூடத் தோணாம அப்படியே நின்னேன்.

அப்பறம் ஆளுகளைக் கூப்பிட்டு மூட்டையை எடுக்கச் சொன்னேன். என்னத்துக்குன்னு கேட்டவங்ககிட்ட, மொதல்ல எடுங்கன்னேன். நாப்பது மூட்டைக்கு மேல இருக்கும். அடியில தகரம். தகரத்துக்கு அடியில தொட்டி. அடியில ஸ்டீபன்.

இரும்பு ஏணி பாதியில ஒடைஞ்சு அவர் மேலயே விழுந்து கெடந்துச்சு. லாரித் தண்ணி ஊத்தி வைக்க அந்தத் தொட்டி ஆகுமான்னு பாக்கச் சொல்லி மொதலாளி எப்பவோ சொன்னாராம், சனிக்கிழமை வேலை முடிஞ்சு ஒருத்தர்கிட்டயும் சொல்லாம எறங்கியிருக்காரு. மூட்டை தூக்கற ராகேஷ்ங்கிற பீகார்க்காரர், அன்னைக்குச் சாயங்காலம் பின்னால வந்தவரு, தகரம் தள்ளிக் கெடந்ததைப் பார்த்திருக்காரு. ஆராவது தெரியாம விழுந்துருவாங்கன்னு இழுத்து மூடிட்டு, மேல மூட்டையை அடுக்கிட்டாரு. அந்த மனுசன் தலையில அடிச்சுக்கிட்டு, "டக்கன் குலா தா மேடம், கோயி கிர் ஜாதா, இஸ்லியே பந்த் கியா"ன்னு அதையே இந்தியில திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டிருந்தாரு. அவர் செஞ்சது நல்லதுதாங்க. அவரை நான் என்ன சொல்ல முடியும்.

அப்ப மயங்கிக் கெடந்தவரு, முழிப்பு வந்ததும் கத்தியிருப்பாரு. துணி மூட்டை அத்தனை மேல கெடக்கறப்ப சத்தம் எப்படிங்க வெளிய வரும். ஞாயித்துக்கிழமை லீவு, திங்கக்கிழமை கம்ப்ரசர் ஓடிருச்சு.

போலீசு வந்தாங்க. பாக்கெட்டுல டெஸ்டர் ஒண்ணு, இன்சுலேசன் டேப்பு ஒண்ணு. போன் இல்ல. தொட்டியிலயும் தேடிட்டாங்க, இல்ல. நான் ஹாட்ஸ்பாட்டைப் புடிச்சுக்கிட்டு வந்தேன்னு சொன்னப்ப இன்ஸ்பெக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தாரு, வாடை வந்து கண்டுபுடிச்சதா எழுதிக்கிட்டாரு. நானும் கையெழுத்துப் போட்டுட்டேன்.

ரோஸ்லினைப் பாக்க அவங்க லைன் வீட்டுக்குப் போனேன். அவர் போன் எங்கம்மான்னு கேட்டேன். அது எந்திரிச்சுப் போயி அரிசி டப்பாவைத் தொறந்து, உள்ள கைய விட்டு எடுத்துச்சு. "வெள்ளிக்கெழம ராத்திரியே தண்ணிக்குள்ள விழுந்துட்டுக்கா. அரிசிக்குள்ள போட்டா சரியாயிரும்னு அவுகதான் போட்டாக. அதத்தான் அன்னைக்கி உங்ககிட்ட சொல்ல வந்தேன்." சார்ஜர் குத்தற ஓட்டைக்குள்ள ஒரு நொய்யரிசி மாட்டிக்கிட்டு நிக்குது. பட்டனை அழுத்திப் பார்த்தேன், உசுரே இல்ல.

அந்தப் பொண்ணு என் கையைப் புடிச்சுக்கிச்சு. "நீங்க இல்லேன்னா, எங்களை விட்டுட்டு ஓடிட்டாகன்னே இந்த ஊரு பேசியிருக்கும். எம்புள்ள அந்தப் பேச்சைக் கேட்டுக்கிட்டு வளந்திருக்கும். ஆண்டவர் உங்களை நல்லா வைப்பாருக்கா"ன்னுச்சு. எங்க கம்பெனி கேட்டுலயே அந்தப் பேச்சு ஓடுச்சுன்னு அதுக்குத் தெரியாது. கிறிஸ்துமஸ் வந்தா இப்பவும் போன் பண்ணுமுங்க. நான் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வேகமா வச்சிருவேன்.

ஏன்னா இன்னொன்னு இருக்குதுங்க. ஆஸ்பத்திரியில பாத்த டாக்டர் சொன்னாரு, விழுந்ததும் போகல, காலு ஒடைஞ்சு கெடந்திருக்காரு, திங்கக்கிழமை மத்தியானம் வரைக்கும் கூட உசுரு இருந்திருக்கலாம்னு. புதன்கிழமை குமாரு ரவுட்டரைச் சரி பண்ண வந்தாரு. அதோட அடாப்டர் எரிஞ்சு போயிருந்துச்சு, நம்ம வைஃபை வராததுக்கு அது காரணம், ஒத்துக்கறேன். சுத்தியிருந்த இருவது பேரு எங்க போச்சுன்னா, அவருக்கும் தெரியல. லேப்டாப்புல மூணு நாளா எந்த வைஃபை எப்ப வந்துச்சு எப்ப போச்சுன்னு ரிப்போர்ட்டு எடுக்கலாமுங்கன்னாரு. எடுங்கன்னேன். எடுத்துக் குடுத்துட்டு அவர் டீ குடிக்கப் போயிட்டாரு, நான் மட்டும் உக்காந்து பார்த்தேன்.

'ஜெபா அப்பா' வந்தது திங்கக்கிழமை பதினொண்ணு முப்பத்தொண்ணு. நான் கீழ கேட்டுல நின்னு ரோஸ்லினைத் திருப்பி அனுப்பிக்கிட்டிருந்த நேரம். மேல ஆளில்லாத ரூமுல அது தானா வந்து ஒட்டியிருக்கு. அதுக்கப்பறம் பன்னெண்டு மணிக்குள்ள ரெண்டு தடவை வந்திருக்கு. அன்னைக்கு வந்த மூணு தடவையும் ஏன் போச்சுங்கற எடத்துல ஒரே காரணம்தான் போட்டிருந்துச்சு, யூசர் துண்டிச்சதுன்னு. அந்த லேப்டாப்புக்கு யூசர் நான் ஒருத்திதானுங்க.