ஏணியும் மகளின் கண்ணும்

என் அக்கா புருஷனுக்கு வேலையிடத்தில் வைத்த பேர் ஏணி. வீட்டு உட்கூரைக்குப் பெயின்ட் அடிக்க அவருக்கு ஒரு முக்காலி போதும். யாரையும் நம்ப மாட்டார். பெயின்ட் டப்பாவைக்கூடக் கடை வாசலிலேயே திறந்து, குச்சி விட்டுக் கலக்கிப் பார்த்துத்தான் எடுத்து வருவார்.

இந்த நாட்டு பாஷை அவருக்கு வேலை அளவுக்குத்தான் வரும். அதனால் மகளைக் கண் டாக்டரிடம் காட்டப் போனபோது, இடையில் நின்று பேச நானும் போனேன். ஏழு வயசுக்காரி, புத்தகத்தை மூக்கில் ஒட்டிவைத்துத்தான் படிப்பாள். இரண்டு கண்ணிலும் லென்ஸைப் பிடித்திருக்கும் நூல்கள் தளர்ந்து, லென்ஸ் மேலே நழுவியிருக்கிறதாம். எடுத்துவிட்டுக் கண்ணாடி போடவேண்டும், தள்ளிப்போட்டால் பார்வையே தேறாது என்றார் டாக்டரம்மா. சொல்லும்போதே அவர் பார்வை அத்தானின் நீள விரல்கள்மேல் இருந்தது. முதலில் மகளுக்கும் அப்பாவுக்கும் நெஞ்சை ஸ்கேன் பண்ணணும் என்றார்.

"கண்ணைக் காட்ட வந்தா நெஞ்சை எதுக்குடா பாக்குறாங்க?"

"இது குடும்பத்துல வர்றதாம் அத்தான். உயரம், விரல், கண்ணு, இதயம் எல்லாத்துக்கும் ஒரே கோளாறுதான் காரணமா இருக்கலாமாம்."

"அந்தம்மா அவ்வளவு நேரம் பேசிச்சு. நீ ரெண்டே வரியில முடிக்கிறே. மீதியை எங்க முழுங்கினே?"

ஆபரேஷனுக்கான சம்மதத் தாளில் கையெழுத்துப் போடாமல் வராந்தாவுக்குப் போய்விட்டார். இவர் மாட்டேன் என்றால் குழந்தை கதி?

திரும்பி வந்து என்னை மூலைக்கு இழுத்தார்.

"புரிஞ்சிருச்சு மச்சான். என் கண்ணு லென்ஸை எடுத்து அவளுக்கு வைக்கப் போறாங்க. அதுக்குத்தான் எனக்கு டெஸ்டு. நேரா கேட்டா என்னவாம்? ஒண்ணை எடுத்துக்கச் சொல்லு. இன்னொண்ணு இருக்கட்டும், சுவர் எது கூரை எதுன்னு எனக்குத் தெரியணும்ல."

"அய்யோ அத்தான், அப்படியெல்லாம் இல்ல!"

"நடிக்காதே" என்றபடி, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே ஸ்கேன் அறைக்குள் போனார்.

மகள் இதயத்தில் குறையில்லை. அவருக்குத்தான் பெரிய ரத்தக்குழாய் கொஞ்சம் விரிந்திருந்தது. மாத்திரை கொடுத்து, கனம் தூக்காதே என்றார்கள்.

"பாத்தியா, கூட வந்தவனையும் நோயாளி ஆக்கிட்டாங்க!" ஆனால் கையெழுத்துப் போட்டார். மாத்திரையையும் தவறாமல் விழுங்கினார்.

இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் முடிந்து, மகளுக்குத் தடித்த கண்ணாடி போட்ட அன்று வேலையிலிருந்து நேரே வந்தார். 'நல்லா தெரியுது' என்று டாக்டரம்மா சொன்னதை நம்பவில்லை. வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய்க் கையைத் தூக்கினார்.

"எத்தனை?"

"மூணு. நகத்துல நீலமா ஒட்டியிருக்குப்பா."

என்னை முறைத்தார். "நீ சொல்லிக் குடுத்தியா?"

கேட்டுவிட்டுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவிரல் நகத்தோரம் நீலப் பெயின்ட். அவரே அப்போதுதான் பார்க்கிறார்.